தறி நிற்கிற நாளில் வாங்க

எங்கள் தொழிலில் முதலீடு என்று பார்த்தால் இரண்டு காதுகளும், எதிரில் ஆள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். அந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா, வீட்டில் யாராவது "சோம்பேறி" என்று திட்டுகிறார்களா, ஆளைத் தனியாக விடுகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர் என்று சொன்னால் யாருக்கும் சட்டென்று விளங்காது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு, காலையில் பஸ் ஏறி நாமக்கல் மாவட்டத்து ஊர்களுக்குப் போய் ஜனங்களோடு "பேசிவிட்டு" வருவதற்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது என்பதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. இதே வேலையில் இருக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு வீட்டுக்காரம்மா இருப்பார். இல்லாவிட்டால் ஒரு மாமியாராவது இருப்பார்.

பள்ளிபாளையத்தில் எனக்கு அந்த இரண்டு காதுகளும்கூட உதவவில்லை. அங்கே தங்கவேல் என்று ஒருவரை உயிரோடு பிடித்து வைக்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் துண்டு துண்டாகச் சொல்லப் போகிறேன்.

மரியாதையான நோய்

தங்கவேலை முதலில் பார்த்தது அரசு மருத்துவமனையில், மனநல டாக்டர் வாரம் ஒரு நாள் வந்து உட்காரும் அறையில். வயிற்றில் எரிச்சல், கை கால் ஓய்ச்சல் என்று வந்தவரைப் பொது டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்று எங்களிடம் அனுப்பியிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வீட்டை ஒட்டிய குடோனில் நாலு விசைத்தறி போட்டு, அவரும் மனைவி சரோஜாவும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். மகள் திருச்செங்கோட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

நான் ஆத்தூர்க்காரி. எங்கள் பக்கம் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் முதலில் பேச்சில் மரியாதை போய்விடும். எதிரில் யார் இருந்தாலும் எரிந்து விழுவார்கள். அதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். இந்தக் கொங்குச் சீமையில் அது நடக்காது. மனுஷர் உள்ளுக்குள் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார், வாயில் இருக்கிற 'ங்க' மட்டும் இடியாது. சாப்பாடு எப்படி என்று கேட்டேன், நல்லாச் சாப்புடறனுங்க என்றார். தூக்கம்? நல்லாத் தூங்கறனுங்க. சாக வேண்டும் என்கிற நினைப்பு ஏதாவது வருகிறதா? அதெல்லாம் இல்லீங்க. ஒவ்வொரு பதிலும் ஆழக் கிணற்றிலிருந்து சேந்தி எடுத்துக் கொடுப்பதுபோல் தாமதமாக வந்தது. பதிலை நான் நம்பவில்லை, தாமதத்தை நம்பினேன்.

சரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டு எத்தனை நாளாக இப்படி என்று விசாரித்தேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பகல் ஷிப்டு சரோஜா, ராத்திரி ஷிப்டு தங்கவேல். காலையிலும் சாயங்காலமும் ஆள் மாறுகிறபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதோடு சரி. அதிலும் எந்தத் தறியில் இழை அறுந்திருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு ஒருவர் தூங்கப் போவார், மற்றவர் தறிக்குப் போவார். இரவு மூடி வைத்த சோறு காலையில் அப்படியே இருக்க ஆரம்பித்த பிறகுதான் சரோஜாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்:

"நான் முழிச்சிருந்தா அவரு தூங்குவாருங்க, அவரு முழிச்சிருந்தா நான் தூங்குவனுங்க. மூஞ்சிய நல்லாப் பாத்தே எத்தன நாளாச்சுன்னு தெரீலீங்க."

ராத்திரிக்கு ஒன்று

இது மனச்சோர்வு நோய், சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, மருந்துக்கு அடங்கும் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், கொஞ்சம் தூக்கம் வரும், அதனால் ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று போடச் சொன்னார். நான் வெளியே கூட்டி வந்து அதையே மறுபடி சொன்னேன். ராத்திரி, சாப்பிட்டதும், ஒன்று. தங்கவேல் திருப்பிச் சொன்னார். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நானும் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் செய்தால் "வாரமுங்க, வாரமுங்க" என்று பதில் வரும், ஆள் வராது. கடைசியில் நானே பள்ளிபாளையம் போனேன். தெரு முழுக்கத் தறி. தெருமுனையில் இறங்கும்போதே சத்தம் காலடியில் அதிரும். சரோஜா என்னைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் பாதியாவது காதில் விழும்.

விஷயம் இதுதான். தங்கவேல் சொன்னபடியே ராத்திரி சாப்பிட்டதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நேராக ஷிப்டுக்குப் போய்த் தறி முன்னால் நின்றிருக்கிறார். நின்றபடியே கண் சொருகிவிட்டது. குறுக்கே ஓடுகிற நாடா, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குள் சிக்கி இழைகள் கொத்தாக அறுந்துபோயின. எல்லாவற்றையும் பிணைத்து முடிக்க மறுநாள் பகல் முழுக்க ஆகியிருக்கிறது. அன்றோடு மாத்திரை பரண்மேல் போய்விட்டது. டாக்டரும் நானும் ராத்திரி என்றால் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தெருவில் ராத்திரி என்றால் வேலை. அவர் கையைத் தறி இழுக்காமல் விட்டதே பெரிது. சரோஜா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க சொன்னாப்பிடியேதான் ராத்திரி போட்டாருங்க. தூங்கப் போறப்பப் போடச் சொல்லியிருந்தா விடிஞ்சு போட்டிருப்பாருங்க."

ஊருக்கே கேட்ட கேள்வி

அன்றைக்கே தங்கவேலிடமும் பேசினேன். தூக்கம் வராமல் எழுந்து வந்து, சரோஜாவுக்குப் பதிலாகத் தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. பதினைந்து நாளில் அவ்வளவு இளைத்திருந்தார். மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும் என்று தெரிந்துவிட்டது. சாகிற நினைப்பு உண்டா என்று நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று ஊரில் பயப்படுவார்கள். அப்படியெல்லாம் ஆகாது. கேட்பதற்கு ஆள் கிடைத்ததே என்று சுமை குறையத்தான் செய்யும். ஆனால் கேட்கிற விதம் உண்டு. தனியிடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்க வேண்டும் என்றுதான் நாமெல்லாரும் படித்திருக்கிறோம்.

நாலு தறி ஓடுகிற குடோனில் தணிந்த குரலுக்கு எங்கே போவது? வெளியே கூப்பிட்டால் இழை அறுந்துவிடும் என்று வர மறுத்தார். வெளியே போயிருந்தாலும் பிரயோஜனமில்லை. ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி பழனியம்மாளின் தறிகள், எதிரே வேறு யாருடையதோ. மெதுவாகக் கேட்டேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். கொஞ்சம் உரக்கக் கேட்டேன். காதுக்குக் கையைக் குவித்து "என்னங்க?" என்றார். எனக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வந்தது. மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, "சாகணும்னு தோணுதாங்க?" என்று கத்தினேன்.

நான் வாயைத் திறக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றுவிட்டன. என் குரல் மட்டும் தெருக்கோடிவரைக்கும் போயிற்று. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பழனியம்மாள் வீட்டில் யாரோ இருமியதுகூடக் கேட்டது. ஒருவருடைய அந்தரங்கத்தைக் காப்பாற்ற வேண்டிய வேலையில் இருந்துகொண்டு அதைத் தெருவுக்கே அறிவித்துவிட்டேனே என்று எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. சரோஜா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். தங்கவேல் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு மனைவியையே பார்த்தார். கேட்கவில்லை என்று சொல்வதற்கு இப்போது சத்தமும் இல்லை. தணிந்த குரலில்தான் சொன்னார்.

"ஆமாங்க. தெனமும் தோணுதுங்க."

ஆளுக்கொரு யோசனை

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்து, கையோடு ஆட்டோ வைத்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாத்திரையை இனி அவர் தூங்கப் போகிற நேரத்துக்கு மாற்றியாயிற்று. ராத்திரி ஷிப்டை நிறுத்தியாயிற்று. இது சொல்லுக்குச் சின்ன விஷயம், அவர்களுக்குப் பாதிப் பிழைப்பு. ஆனாலும் சரோஜா மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டிலும் குடோனிலும் எதையெதைத் தங்கவேல் கண்ணில் படாமல் எடுத்து வைக்க வேண்டும் என்று சரோஜாவிடம் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு அவரைத் தனியாக விடக்கூடாது என்றேன். மகள் பத்து நாள் லீவு போட்டு வந்து கூட இருந்துவிட்டுப் போனாள்.

தெரு கேலி பேசும் என்று நான் பயந்தேன். தெரு கேலி பேசவில்லை, யோசனை சொன்னது. ஒருவர் கோயில் சொன்னார், ஒருவர் கசாயம் சொன்னார், எல்லாரும் போகும்போது தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். தைரியமாக இருக்க முடிந்தால் அந்த மனுஷர் இருக்க மாட்டாரா? முடியவில்லையே என்றுதான் அவருக்கு மனசு மேலும் குன்றிப்போகும். பழனியம்மாள் எல்லாரையும்விட நல்ல மனசுக்காரி. தினமும் தூக்குவாளியில் சூடாக ரசம் கொண்டுவருவார், கூடவே ஒரு மணி நேரப் புத்திமதியும் வரும். ரசம் மட்டும் போதும் என்று அவரிடம் கெஞ்சினேன். ஒன்றும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய உதவி என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. மறுநாள் முறம் நிறையப் பூண்டோடு வந்து தங்கவேல் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார், வாயைத் திறக்கவில்லை. போகும்போது என்னிடம்தான் ஆற்றாமையைக் கொட்டினார்.

"சும்மா உக்காருன்னு சொல்லிப்போட்டீங்க அம்மிணி. தறி ஓட்டற வேலகூட இத்தன செரமமில்லீங்க."

ஷட்டவுன்

பேசாமல் இருக்கப் பழனியம்மாளுக்குத் தெரியவில்லை என்றால், பேசுவதற்குச் சரோஜாவுக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பாவு, நூல், கரண்டு, மகள் படிப்பு, இவ்வளவுதான் பேசியிருக்கிறார்கள். அதையும் சத்தத்துக்கு மேலே கத்தியே பேசிப் பழக்கம். அந்தத் தெருவில் கரண்டு இருக்கும்போது தறியை நிறுத்துவது என்பது அடுப்பில் கொதிக்கிற சோற்றைக் கவிழ்ப்பது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் பகலில் மின்சாரத்தை நிறுத்தும். ஷட்டவுன் என்று முந்தின நாளே எல்லார் போனுக்கும் செய்தி வந்துவிடும். அன்றைக்குத்தான் அங்கே மனிதக் குரல் கேட்கும். தறி நிற்கிற நாளில் வாங்க என்று சரோஜா எனக்கு யோசனை சொன்னார். அதிலிருந்து என் பயணத் திட்டத்தை மின்வாரியம்தான் போட்டுக் கொடுத்தது.

முதல் ஷட்டவுனில் மூன்று பேரும் குடோன் தரையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தோம். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கடலைத் தோடு உடைகிற சத்தம்தான். திடீரென்று சரோஜா உடைந்துவிட்டார். தான் ஏதாவது சொல்லிவிட்டோமா, செய்துவிட்டோமா, தன்னால்தான் இப்படியா என்று அழுதார். இத்தனை நாளும் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் சோறு போட்டிருக்கிறார், மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் குறுக்கே போயிருந்தால் அழகாக ஒரு விளக்கம் சொல்லியிருப்பேன். நல்லவேளை, போகவில்லை. தங்கவேல் கடலையைக் கீழே போட்டுவிட்டு மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எல்லாரும் எதனாலன்னு கேக்கறீங்க. எதனாலயும் இல்ல சரோஜா. உன்னாலயும் இல்ல. ஒண்ணுமே இல்லாம இப்பிடி ஆயிப்போச்சேன்னுதான் எனக்குப் பயமா இருக்குது."

முதல் கோபம்

மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது, பிறகு பசி. பகலில் கொஞ்ச நேரம் தறிக்கும் போனார். ஒரு வாரம் நன்றாக இருப்பார், அடுத்த வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்காரர்களுக்குத்தான் ஒவ்வொரு இறக்கத்திலும் உயிர் போய் உயிர் வரும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். டாக்டருக்கு வேறு ஒரு அவசரம், வர நேரமாகிவிட்டது. தங்கவேல் எத்தனை நேரம் ஆனாலும் வைத்த இடத்தில் இருக்கிற ஆள். அதனால் அவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் மற்றவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். பெஞ்சிலிருந்து விருட்டென்று எழுந்து வந்தார். சரோஜா பதறிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். உள்ளே டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 'ங்க' சுத்தமாகப் போயிருந்தது, கோபப்படுகிற அளவுக்கு ஆளுக்குத் தெம்பு வந்திருந்தது.

"எத்தன நேரந்தான் மனுசன உக்கார வெக்கறது? எங்களுக்கெல்லாம் வேற வேல இல்லையா?"

பூட்டிய வீடு

அதற்கப்புறம் அவர் முகம் தெளிந்துவந்தது. ஊரார் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மனசு முழுக்கத் தேறுவதற்கு முன்னால் உடம்பில் தெம்பு வந்துவிடுகிற சமயம்தான் ஆபத்து என்று நமக்குத் தெரியும். திடீரென்று அமைதியாகிவிடுகிறவர்களைப் பார்த்தாலும் நமக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடிக்கும். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் தங்கவேல் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சரோஜாவும் எடுக்கவில்லை. மகள் வகுப்பில் இருப்பாள், அவளைக் கூப்பிட்டுப் பயமுறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தெருமுனையில் இறங்கியபோது கரண்டு இருந்தது. எல்லா வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன, அந்த ஒரு வீட்டைத் தவிர. கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நாலு தறியும் அசையாமல் நின்றன. அவர் செத்துப்போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சரோஜா ஆஸ்பத்திரியில் எங்கேயோ நின்று அழுதுகொண்டிருப்பார், நான் எந்தப் பக்கம் ஓடுவது என்றும் நினைத்தேன். பழனியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினால் அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே போய்த் தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. வெளியே வந்து, உங்களுக்கும் தகவல் வந்துவிட்டதா என்று சைகையிலேயே கேட்டார்.

அப்போதுதான் என் போன் அடித்தது. சரோஜாவின் நம்பர், ஆனால் பேசியது தங்கவேல். பின்னணியில் எண்ணெயில் எதுவோ பொரிகிற சத்தம். இரண்டு பேரும் வண்டியில் மேட்டூருக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு போனும் சீட்டுக்கு அடியில் பைக்குள் இருந்திருக்கின்றன. எத்தனையோ வருஷமாக அணை மீன் சாப்பிட வேண்டும் என்று சரோஜா சொல்லிக்கொண்டிருந்தாராம். காலையில் எழுந்ததும் தங்கவேலுக்குத்தான் போகலாம் என்று தோன்றியிருக்கிறது. ஆஸ்பத்திரி நாள் என்பது இரண்டு பேருக்குமே சுத்தமாக மறந்துபோய்விட்டது. எனக்கு வறுத்த மீன் பொட்டலம் கட்டி வாங்கி வரவா என்று கேட்டார். நாளைக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தத் தெருவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். நான் அழுவதைப் பார்த்ததும் பழனியம்மாளுக்குத் தன் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்து, தறிச் சத்தத்துக்கு மேலே என் காதுக்குள் கத்தினார்:

"கரண்டு இருக்கறப்பவே தறிய நிறுத்திப்போட்டு, புருசனும் பொண்டாட்டியும் மீன் திங்கோணும்னு மேட்டூருக்குப் போயிருக்காங்க. எனக்கென்னமோ நோவு முத்திப்போச்சுன்னு தோணுது அம்மிணி, டாக்டருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையுங்க."

நம்மை மறந்துவிட்டு மீன் தின்னப் போகிற அளவுக்கு ஒருவரைத் தேற்றத்தான் நமக்குச் சம்பளமே தருகிறார்கள், ஆனாலும் போனையாவது எடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று திட்டிக்கொண்டேதான் அன்றைக்கு நான் சேலம் பஸ் ஏறினேன்.